டேக் கோப்பு மறைத்த இரண்டாவது பெயர்

“17.8.94, புதன். காலை 9.40. மஞ்சுநாத் காட்டினார். கன்ட்ரோல், வலது சதுர அடைப்புக்குறி: போனேன். கன்ட்ரோல், டி: திரும்பி வந்தேன். பதினோரு தடவை செய்து பார்த்தேன்.”

என் அலுவலக நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். வழக்கமாக நான் வானிலை, பஸ் வந்த நேரம், மதியச் சாப்பாடு என்பதுவரை எழுதுகிற ஆள். அன்றைக்கு வேறெதையும் எழுதத் தோன்றவில்லை. கையெழுத்துகூடக் கோணலாக இருக்கிறது. அவசரத்தில் எழுதியிருக்கிறேன், மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்ற அவசரம்.

எங்கள் கம்பெனியின் பழைய ஊழியர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதைத் தொகுப்பவர் எனக்கு எழுதிய மின்னஞ்சலில், “மேடம், பழைய பட்டியலில் உங்கள் பதவி சாஃப்ட்வேர் லைப்ரேரியன் என்று இருக்கிறது. அது என்ன வேலை?” என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயம்தான். இன்றைக்கு நிரல் எழுதுகிறவர் ஒரு பெயரின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினால், அந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறதோ அங்கே எடிட்டரே கொண்டுபோய் விடுகிறது. அதற்கான வழியை யாரோ முன்கூட்டிப் போட்டு வைக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியில் 1994 ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் அந்த வழியைப் போட்டவள் நான். அதில் நான் செய்த ஒரு காரியத்தால் ஒருவருடைய வேலை போக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்துக்காரி. கணிதத்தில் பட்டம், பிறகு நூலக அறிவியலில் டிப்ளமோ. 1991 ஜூனில் பெங்களூருக்கு வந்து, அடுகோடியில் சித்தி வீட்டில் தங்கி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் கையேடுகளை அடுக்கி வைக்கும் வேலையில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் கையேடுகளோடு காந்த நாடாக்களும், நாடாக்களோடு அவற்றில் இருந்த நிரல்களும் என் பொறுப்புக்கு வந்தன. கம்ப்யூட்டரைத் தொட்டது அப்படித்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய இலக்கியப் பதிப்பு எது கையில் கிடைத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொல்லடைவைப் பார்ப்பேன். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டிருப்பார். பாட்டு முழுவதும் தெரியாவிட்டாலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். எங்கள் எக்ஸ்சேஞ்ச் நிரல் நானூறுக்கு மேற்பட்ட கோப்புகளில் கிடந்தது. அதற்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. நிரலில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் துண்டுக்கு ஒரு பெயர் இருக்கும், ஃபங்ஷன் என்பார்கள். எந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மூன்று நீள நோட்டுகளில் அகரவரிசைப்படி எழுதினேன். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆயிற்று. யாராவது ஒரு கோப்பை இரண்டாகப் பிரித்தால் என் நோட்டில் நான்கு பக்கம் அடித்தல் திருத்தல்.

மஞ்சுநாத் 1994 ஏப்ரலில் எங்களோடு சேர்ந்தார். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, அந்தப் பிரிவை மூடியதும் வெளியே வந்து, முப்பத்தாறு வயதில் மறுபடி புதியவராக நுழைந்தவர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஆனேக்கல்லில் இருந்தார். தினமும் பஸ்ஸில் வந்து போவார். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், கடையில் தெலுங்கு என்று வளர்ந்தவர். என்னோடு தமிழில்தான் பேசுவார். ஒரு வருடம் ப்ரொபேஷன், 1995 மார்ச் 31 வரை. அதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் திரும்பிப் போக அவருக்கு வேறு தொழிற்சாலை எதுவும் இல்லை. இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை அவர் ஒரு கையேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“பிரேமா, இந்த புக்கை யாராவது தொறந்து பார்த்திருக்காங்களா?”

“முதுகுல நம்பர் ஒட்டினது நான்தான்.”

“ஒட்டின, சரி. உள்ள சி-டேக்ஸ்னு ஒண்ணு இருக்கு பாரும்மா. நீ மூணு வருஷமா எழுதறியே, அதை இது நாப்பது செகண்டுல எழுதுது.”

நான் நம்பவில்லை. என் டெர்மினலில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை அடித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது வினாடிகூட ஆகவில்லை. ‘டேக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகியிருந்தது. பிறகு வி-ஐ எடிட்டரில் ஏதோ ஒரு நிரலைத் திறந்து, ஒரு ஃபங்ஷன் பெயரின் மேல் கர்சரை வைத்து, இரண்டு விசைகளை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். திரை ஒரு முறை சிமிட்டி, வேறொரு கோப்பின் நடுவில், அந்த ஃபங்ஷன் தொடங்கும் வரியில் போய் நின்றது. அங்கிருந்து இன்னொரு பெயர், இன்னொரு கோப்பு. பிறகு கன்ட்ரோல்-டி, கன்ட்ரோல்-டி என்று வந்த வழியே திரும்பினேன்.

என் முகம் வாடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். “பேஜார் பண்ணிக்காதம்மா, உன் நோட்டும் இருக்கட்டும்,” என்றார்.

பேஜாரா? எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. நிரலை அதுவரை நான் கோப்பு கோப்பாகத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் அது ஒரே நூலாகத் தெரிந்தது. ஒருவர் ரிசீவரை எடுப்பதிலிருந்து மறுமுனையில் மணி அடிப்பதுவரை எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று அன்று மதியத்துக்குள் ஒரு முழு அழைப்பைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டேன். மூன்று வருடத்தில் எனக்குப் புரியாதது மூன்று மணி நேரத்தில் புரிந்தது. நோட்டுகளையும் ஒப்பிட்டேன். என் பிழைகளை எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணிக்கையை இங்கே சொல்ல மாட்டேன்.

அந்தக் கோப்பின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இன்றும் அதன்மேல் பிரியம். ஒரு வரிக்கு ஒரு பெயர், அகரவரிசையில். ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள்: பெயர், அது இருக்கும் கோப்பு, அந்தக் கோப்பில் தேட வேண்டிய வாசகம். வரி எண் அல்ல, அந்த வரியின் வாசகமே. அதனால் மேலே பத்து வரி சேர்த்தாலும் இடம் தவறாது. இதை யோசித்தவர் யாரோ, சொல்லடைவு போட்டு முடித்த பிறகு அச்சகத்தில் பக்க எண் மாறி அவதிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் முதல் அது என் வேலையானது. காலை எட்டரைக்கு வந்து, முந்தைய நாள் யாரெல்லாம் எதைத் திருத்தி நிரல் நூலகத்தில் சேர்த்தார்கள் என்று பார்ப்பேன். எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் திரட்டி சி-டேக்ஸுக்குக் கொடுக்கும் ஒரு சிறிய கட்டளைத் தொகுப்பை, ஸ்க்ரிப்டை, ஓடவிடுவேன். புதிய கோப்பை முதலில் வேறு பெயரில் உருவாக்கி, முழுதாக முடிந்த பிறகே ‘டேக்ஸ்’ என்று பெயர் மாற்றுவேன். இல்லாவிட்டால் யாராவது நடுவில் தாவி, பாதிப் பட்டியலில் விழுவார்கள். ஸ்க்ரிப்டில் நான் எதை மாற்றினாலும் பக்கத்தில் தேதியும் ‘பி’ என்ற என் முதலெழுத்தும் போடுவேன். ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராக வந்து, “பிரேமா, டேக்ஸ் ஆச்சா?” என்பார்கள். இட்லி வெந்ததா என்று கேட்கிற குரலில்தான் கேட்பார்கள். ஒரு மாதத்தில், ஒரு பெயரைக் கோப்புகள் முழுவதும் தேடிப் பார்க்கும் பழைய கட்டளையை யாருமே பயன்படுத்துவதில்லை. தாவினால் போதும் என்றாகிவிட்டது.

தாவாத ஒரே ஆள் எங்கள் குழுத் தலைவர் வரதன் சார். திரையில் நிரல் படிக்க மாட்டார். அகலமான அச்சுத்தாளில் எடுத்து, பென்சிலோடு உட்காருவார். மற்றவர் கீபோர்டைத் தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டி நின்று, “காட்டுங்க,” என்பார். யார் எதைச் சொன்னாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: “எப்படித் தெரியும்?” பதில் ‘பார்த்தேன்’ என்று வந்தால் தலையசைப்பார். ‘அப்படித்தான் இருக்கணும்’ என்று வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, மரியாதை உயரும். ‘நீங்க’ என்பது ‘தாங்கள்’ ஆகும். பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாகும். அந்தத் தமிழ் கேட்டால் பக்கத்து மேசைக்காரர்கூடத் தட்டச்சை நிறுத்திவிடுவார்.

“நம்ம சார் திட்டினா கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கும்மா,” என்பார் மஞ்சுநாத்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் வெவ்வேறு கோப்புகளில் இருந்தால், அந்தக் காலத்து சி-டேக்ஸ் முதலில் கண்டதை மட்டும் பட்டியலில் எழுதும். இரண்டாவதை விட்டுவிட்டு, ‘இந்தப் பெயர் இந்த இரண்டு கோப்புகளிலும் இருக்கிறது, எச்சரிக்கை மட்டும்’ என்று திரையில் ஒரு வரி போடும். எங்கள் சோதனை நிரல்களில் ‘இனிட்’, ‘ஷோ’ என்று ஒரே பெயரில் ஏகப்பட்ட சின்ன ஃபங்ஷன்கள். அதனால் தினமும் இரண்டு திரை நிறைய எச்சரிக்கை ஓடும். யாருக்கும் அதில் வேலையில்லை. நானும் படிப்பதை விட்டிருந்தேன்.

1994 அக்டோபர் 10, திங்கள். ஆயுத பூஜை வாரம். பெங்களூர் ஆபீஸ்களில் அந்த வாரம் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். டெர்மினல்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் முன் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும். மேசையைத் துடைத்தோம், பழைய காகிதங்களைக் கழித்தோம், டிஸ்க்கில் கிடந்த வேண்டாத கோப்புகளை அழித்தோம். அந்த வேகத்தில் நான் என் ஸ்க்ரிப்டையும் துடைத்தேன். சி-டேக்ஸ் கட்டளையோடு ‘டபிள்யூ’ என்ற ஓரெழுத்துக் குறியைச் சேர்த்தால் எச்சரிக்கை வராது என்று கையேட்டில் இருந்தது. சேர்த்தேன். மறுநாள் காலை திரையில் ஒரு வரிகூட இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

1995 பிப்ரவரியில் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தந்தி வந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் அந்த ஊரில் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. வெளியூருக்குப் பேச எட்டு லைன்கள். பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகும் சில அழைப்புகளில் லைன் விடுபடுவதில்லை. ஒன்றொன்றாக மாட்டிக்கொண்டு, மதியம் நாலு மணிக்குள் எட்டும் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் வெளியே பேச முடியாது. எக்ஸ்சேஞ்சை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும்.

“நமக்கு ஃபோன் பண்ணி திட்டக்கூட லைன் இல்லாம தந்தி அடிக்கறாங்க பாரு,” என்றார் மஞ்சுநாத். வேலை அவரிடம்தான் வந்தது.

லைனை விடுவிக்கும் ஃபங்ஷனின் பெயர் மேல் கர்சரை வைத்துத் தாவினார். இரண்டு நாளில் பிழையைப் பிடித்தார்: மறுமுனைக்காரர் முதலில் ரிசீவரை வைத்தால் ஒரு குறி அழியாமல் நின்றுவிடுகிறது. திருத்தினார். எங்கள் லாபில் வைத்திருந்த சோதனை எக்ஸ்சேஞ்சில் நூறு அழைப்பு போட்டுப் பார்த்தார், ஒன்றும் மாட்டவில்லை. திருத்திய நிரலைச் சிப்புகளில் எழுதி அனுப்பினார். நான்காம் நாள் தந்தி வந்தது: எட்டும் அடைபட்டிருக்கின்றன. அதே ஃபங்ஷனில் இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்து மறுபடி அனுப்பினார். லாபில் சரி. ஊரில் மறுபடி எட்டும்.

மார்ச் நடுவில் வரதன் சார் என்னிடம் அந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டார். டேக் கோப்பைப் பார்த்துச் சொன்னேன். அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பென்சிலோடு உட்கார்ந்தார். நிரலில் குறை எதுவும் இல்லை என்று முடிவுக்கு வந்தார். நிரலில் குறை இல்லையென்றால் அனுப்பியதில்தான் குறை இருக்க வேண்டும். மஞ்சுநாத்தைக் கூப்பிட்டார்.

“தாங்கள் அனுப்பிய சிப்பில் தாங்கள் திருத்திய நிரல்தான் இருந்தது என்று தங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானே எழுதி, நானே சரிபார்த்து, நானே பேக் பண்ணேன் சார்.”

“இரண்டு முறையுமா?”

“ரெண்டு தடவையும் சார்.”

சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

மார்ச் 20, திங்கள்கிழமை, மஞ்சுநாத்தை நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்ற குறிப்பு ஜெனரல் மேனேஜருக்குப் போனது. சனிக்கிழமை கூட்டத்தில் முடிவு. அன்று மதியம் மஞ்சுநாத் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

புதன்கிழமை, 22-ஆம் தேதி, பதினோரு மணிக்கு அவர் லாபிலிருந்து நேராக என் மேசைக்கு வந்தார். அந்த ஊரில் வெளியூர் லைன்களை இணைப்பது புதிய வகை டிரங்க் கார்டு என்பதும், லாபில் இருப்பது பழைய கார்டு என்பதும் அவருக்கு உறுத்தியிருக்கிறது. உற்பத்திப் பிரிவில் கெஞ்சி ஒரு புதிய கார்டை வாங்கி வந்து லாபில் செருகியிருக்கிறார். அந்த ஃபங்ஷனுக்குள் ‘இங்கே வந்தேன்’ என்று திரையில் எழுதும்படி ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்.

“பிரேமா, நான் போட்ட வரி வரவே இல்லம்மா. லைன் மாட்டுது, ஆனா வரி வரலை. நான் ஒரு வழியில உக்காந்திருக்கேன், ஃபோன் கால் வேற வழியில போகுது.”

“வேற வழி ஏது? அந்தப் பேர்ல ஒண்ணுதானே இருக்கு.”

“யாரு சொன்னாங்க?”

“டேக்ஸ் சொல்லுது.”

“டேக்ஸுக்கு யாரு சொன்னாங்க?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அக்டோபரில் சேர்த்த ஓரெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. ஸ்க்ரிப்டைத் தொடாமல், சி-டேக்ஸ் கட்டளையை அந்த ஓரெழுத்து இல்லாமல் கையாலேயே அடித்தேன். எச்சரிக்கைகள் ஓடத் தொடங்கின. ஐந்து மாதம் முன்பு இரண்டு திரையாக இருந்தது இப்போது ஐந்து திரை. மூன்றாவது திரையில் நிறுத்தினேன். லைனை விடுவிக்கும் அதே பெயர். இரண்டு கோப்புகள். எச்சரிக்கை மட்டும்.

நடந்தது இதுதான். நவம்பரில் புதிய கார்டுக்கான நிரல் எங்கள் நூலகத்துக்கு வந்திருக்கிறது. பழைய கோப்பைப் பிரதியெடுத்து, வேண்டியதை மாற்றி, ஃபங்ஷன் பெயர்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதில் தவறில்லை, எந்தக் கார்டோ அதற்குரிய கோப்பு மட்டுமே சேர்ந்து நிரல் தயாராகும். ஆனால் அகரவரிசையில் பழைய கோப்பு முன்னால் வருவதால், டேக் கோப்பு எல்லோரையும் பழையதற்கே கொண்டுபோனது. பழைய கோப்பில் இருந்த பிழை பிரதியிலும் அப்படியே இருந்தது. மஞ்சுநாத் முதல் தடவையே சரியான பிழையைப் பிடித்திருக்கிறார், அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் ஓடாத கோப்பில்.

“சிக்து!” என்று, அகப்பட்டது என்ற பொருளில், கன்னடத்தில் ஒரே ஒரு சத்தம் போட்டார். பிறகு என் நாற்காலியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு லாபுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டாவது கோப்பில் அதே மூன்று வரித் திருத்தம். தயாரித்து, சிப்பில் எழுதி, புதிய கார்டில் ஓடவிட்டோம். ‘இங்கே வந்தேன்’ என்று திரையில் வந்தது. ஒரு அழைப்பு, விடுபட்டது. இன்னொன்று, விடுபட்டது. லைனுக்கு ஒன்றாக இருந்த எட்டு விளக்குகளும் எரிந்து எட்டும் அணைந்தன. என் பணிக்காலத்தில் அதற்கு இணையான ஒரு பத்து நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை. மஞ்சுநாத் ஒவ்வொரு விளக்கு அணையும்போதும் கன்னடத்தில் எண்ணினார். நான் தமிழில் எண்ணினேன்.

மேசைக்குத் திரும்பிய பிறகுதான் மற்றது உறைத்தது. மூன்றாவது முறையில் சரிசெய்தார் என்று மட்டும் கூட்டத்தில் சொன்னால், இரண்டு முறை தவறவிட்டவர் என்பது அப்படியே நிற்கும். அவர் ஏன் தவறவிட்டார் என்பதற்கான விளக்கம் என் ஸ்க்ரிப்டில், தேதியோடும் என் முதலெழுத்தோடும் இருந்தது. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை சாரிடம் போனேன்.

“சார், மஞ்சுநாத் மேல தப்பில்லை. டேக்ஸ் தப்பான ஃபைலைக் காட்டியிருக்கு.”

“எப்படித் தெரியும்?”

“எச்சரிக்கையை நான் மூடி வெச்சிருக்கேன் சார்.”

“காட்டுங்க.”

எழுந்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஸ்க்ரிப்டில் அந்த வரி: ‘10-10-94, டபிள்யூ சேர்த்தது, பி.’ கீழே இரண்டு கோப்புகளின் பெயர்களும் இருந்த எச்சரிக்கை. ‘தாங்கள்’ என்று தொடங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பித் தன் மேசைக்குப் போய், அந்த அச்சுத்தாள் கட்டை எடுத்துவந்து, மேலே அச்சாகியிருந்த கோப்புப் பெயரைப் பார்த்தார்.

“நானும் ரெண்டு நாளா இந்த ஃபைலைத்தான் படிச்சிருக்கேன்,” என்றார். “ரொம்ப நல்லாப் படிச்சிருக்கேன்.”

சனிக்கிழமை, மார்ச் 25, பத்தரை மணிக்குக் கூட்டம். ஜெனரல் மேனேஜர், வரதன் சார், மஞ்சுநாத், நான். லைப்ரேரியன்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. சார் வரச் சொல்லியிருந்தார். அந்த நாட்களில், டேக் கோப்பை மெஷினே போடுகிறது, இதற்கு ஒரு ஆள் எதற்கு என்ற பேச்சு மேலே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் முந்தின நாளே என் மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்திருந்தேன்.

சார் முழுவதையும் சொன்னார். பெயர் இரண்டு, கோப்பு இரண்டு, பட்டியலில் ஒன்று. ஜெனரல் மேனேஜர் கேட்டுவிட்டு, “அந்த வார்னிங்கை யார் ஆஃப் பண்ணது?” என்றார்.

நான் எழுந்தேன். “சார், அது—”

“என் இன்ஸ்ட்ரக்‌ஷன்,” என்றார் வரதன் சார். “ஆயுத பூஜைக்கு முன்னாடி ஸ்க்ரீனைச் சுத்தம் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க செஞ்சாங்க. மஞ்சுநாத் பத்தின குறிப்பையும் நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

நான் நின்றபடியே இருந்தேன். ஜெனரல் மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். மஞ்சுநாத்தை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நிரந்தரம் செய்வதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் மஞ்சுநாத், “ஏப்ரல் ஒண்ணாம் தேதின்னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?” என்றார். அன்று அவர் என் டப்பாவிலிருந்தும் சாப்பிட்டார்.

அடுத்த திங்கள் முதல் அந்த ஓரெழுத்தை எடுத்துவிட்டேன். பழையபடி தினமும் ஐந்து திரை எச்சரிக்கை ஓடினால் மறுபடி யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே நேற்றைய எச்சரிக்கைப் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் ஒப்பிட்டு, புதிதாக முளைத்ததை மட்டும் எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பல நாள் வெறும் தாள். சில நாள் ஒரு பெயர். அந்த ஒரு பெயரை டீக்குப் போகும்போது எல்லோரும் நின்று படித்தார்கள். என் பதவியை எடுக்கும் பேச்சு அதன் பிறகு என் காதுக்கு வரவில்லை.

2001-இல் புதிய சி-டேக்ஸும் புதிய எடிட்டரும் எங்களுக்கு வந்தன. மஞ்சுநாத் அதற்குள் ஒரு குழுவுக்குத் தலைவர். முதல் நாள் நான் வேண்டுமென்றே லைனை விடுவிக்கும் அந்தப் பெயரின் மேல் கர்சரை வைத்துத் தாவினேன். திரையின் அடியில், இரண்டில் முதலாவது என்று வந்தது. ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டையும் வரிசையாகக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்து அறைக்குப் போய் மஞ்சுநாத்தைக் கூட்டிவந்து காட்டினேன். “இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?” என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவரும் நான்கைந்து தடவை தாவிப் பார்த்தார்.

கடைசியாக ஒன்று. அந்த 1995 மார்ச் கூட்டம் முடிந்த அன்றே தாழ்வாரத்தில் சாரை நிறுத்தி, “சார், ஸ்க்ரீனைச் சுத்தம் பண்ணுங்கன்னு நீங்க எப்போ என்கிட்ட சொன்னீங்க?” என்று கேட்டேன். “தேதி வேணுமா? பார்த்துச் சொல்றேன்,” என்றார். சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு, 2003-இல், தொலைபேசியில் மறுபடி கேட்டேன். “சொல்லியிருப்பேன்மா. சொல்லாம ஏன் சொன்னேன்னு சொல்லப்போறேன்?” என்றார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் மனிதர் அல்ல அவர். அதனால் அவர் சொன்னதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அப்படி ஒரு பேச்சு நினைவில் இல்லை. நான் எச்சரிக்கையை மூடிய அந்தத் திங்கள்கிழமை அவர் புனேயில் ஒரு வேலையாக இருந்ததாகவும், பூஜைக்கு முந்தைய நாள்தான் திரும்பியதாகவும் எனக்கு ஒரு நினைவு. மஞ்சுநாத்தைக் கேட்டேன், பூஜையன்று சார் பூசணிக்காய் உடைத்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. பயணப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பெனி வேறு கட்டடத்துக்கு மாறியபோது அந்தப் பதிவேடுகள் எங்கே போயின என்று சொல்ல யாரும் இல்லை. ஆகவே 1994 அக்டோபர் 10 அன்று வரதன் சார் பெங்களூரில் இருந்தாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.